காந்தத்துக்கு ஒரு கவசம்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

முன்னுரை

மரம், காகிதம், கண்ணாடி ஆகியவை காந்த சக்தியைத் தடுப்பதில்லை என்று நாம் கீழ் வகுப்புகளிலேயே படித்திருக்கிறோம். மேசையின் மேல் ஊசியை வைத்து, மேசைக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் ஊசியும் கூடவே நகரும். அப்படியானால் காந்த சக்தியைத் தடுக்கும் பொருள் என்று உலகில் ஒன்று உண்டா?

இந்தக் கேள்வியோடுதான் இவ்வாண்டு நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் நானும் என் தோழியர் இருவரும் ஒரு மேசையை அமைத்தோம். ஒரு திசைகாட்டி, ஒரு சட்டக் காந்தம், ஒரு பால் பவுடர் டப்பா ஆகிய மூன்றே எங்கள் கருவிகள். "இரும்புத் தகரம் காந்தத்தைத் தடுக்கும்; டப்பாவுக்குள் இறக்கியவுடன் ஊசி வடக்கு நோக்கித் திரும்பும்" என்று அட்டையில் பெரிய எழுத்தில் முன்னதாகவே எழுதி மாட்டிவிட்டோம். பரிசோதனையைச் செய்து பார்க்கும் முன்பே முடிவை எழுதியது எங்கள் குற்றம்.

கண்காட்சியன்று நடந்ததோ வேறு. திசைகாட்டிக்குக் கிழக்கே காந்தத்தை வைத்தபோது ஊசி வடகிழக்காகத் திரும்பியது. அது நாங்கள் எதிர்பார்த்ததுதான். பிறகு திசைகாட்டியை டப்பாவுக்குள் இறக்கினோம். ஊசி வடக்கே திரும்பவில்லை. காந்தத்தை எடுத்துவிட்டுப் பார்த்தோம். அப்போதும் திரும்பவில்லை. டப்பாவின் பக்கவாட்டில் உள்ள மூட்டை நோக்கி ஊசி அசையாமல் நின்றது. "அக்கா, அட்டையில் வடக்கு என்று எழுதியிருக்கிறதே?" என்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவளுக்குச் சொல்ல முடியாமல் போன பதிலை, பல வாரங்கள் படித்தும் மீண்டும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்ட பின், இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

கவசம் யாருக்கு வேண்டும்?

நாம் எல்லோரும் ஒரு பெரிய காந்தத்தின் மேல்தான் வாழ்கிறோம். பூமியின் காந்தப்புலம் தமிழ்நாட்டில் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா அளவுள்ளது. ஒரு டெஸ்லாவைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே மைக்ரோ டெஸ்லா. இதைத் தவிர, மின்கம்பி, மின்விசிறி, மோட்டார், ரயில், லாரி என்று ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. நம் உடலுக்கு இவையெல்லாம் தெரிவதில்லை. ஆனால் நுண்ணிய கருவிகளுக்குத் தெரியும்.

மங்கிய ஒளியை அளக்கும் ஒளிப்பெருக்கிக் குழாயை எடுத்துக்கொள்வோம். அதனுள் ஒளி பட்டதும் எலெக்ட்ரான்கள் வெற்றிடத்தில் பாய்ந்து செல்கின்றன. காந்தப்புலம் அவற்றின் பாதையை வளைத்துவிடும். பூமியின் புலமே போதும், பெரிய குழாய்களில் அளவு தவறிப்போகும். ஆகையால் இக்குழாய்களுக்கு ஒரு சிறப்பு உலோகத்தாலான உறையைச் சட்டை போல் அணிவிக்கிறார்கள்.

இதைவிட வியப்பானது நம் இதயம். இதயம் துடிக்கும்போது அதில் சிறிய மின்னோட்டங்கள் ஓடுகின்றன. மின்னோட்டம் ஓடும் இடத்தில் காந்தப்புலம் உண்டாகும் என்பது நம் பாடத்திலேயே உள்ளது. அப்படி உண்டாகும் இதயத்தின் காந்தப்புலம் பூமியின் புலத்தில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூளையின் காந்தப்புலம் அதைவிடவும் சிறியது. அது பூமியின் புலத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவினது. திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஓர் எறும்பின் காலடியோசையைக் கேட்க முடியுமா? அதைப் போன்ற வேலைதான் இது. ஒலிபெருக்கியை நிறுத்த வழியில்லை. ஆகவே எறும்பையும் நம் காதையும் ஓர் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். அந்த அறையே காந்தக் கவசம்.

கவசம் சுவர் அன்று, வாய்க்கால்

எங்கள் முதல் தவறு "தடுக்கும்" என்ற சொல்லிலேயே இருந்தது. காந்தக் கோடுகளுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஒவ்வொரு கோடும் சுற்றி வந்து தன்னையே சேர்கிறது. எனவே அதை நடுவில் வெட்டி நிறுத்த எந்தச் சுவராலும் இயலாது.

பின் இரும்பு என்னதான் செய்கிறது? மழைக்காலத்தில் வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டுகிறார்கள் அல்லவா? வாய்க்கால் மழைநீரை நிறுத்துவதில்லை. "இந்த வழி எளிது, இப்படிப் போ" என்று நீருக்கு வழி காட்டுகிறது. நீர் வீட்டுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போகிறது. இரும்பும் அவ்வாறே. காற்றை விட இரும்பின் வழியே செல்வது காந்தக் கோடுகளுக்கு மிகவும் எளிது. டப்பாவின் ஒரு பக்கத்தில் வந்த கோடுகள் தகரத்தின் உடம்புக்குள்ளேயே வளைந்து ஓடி மறுபக்கத்தில் வெளியேறுகின்றன. நடுவில் உள்ள வெற்றிடத்துக்குள் சிறிதளவே கசிகின்றது.

ஒரு பொருள் காந்தக் கோடுகளுக்கு எவ்வளவு எளிதாக வழி விடுகிறது என்பதை உட்புகுதிறன் என்ற எண்ணால் குறிக்கிறோம். காற்றுக்கு இது ஏறத்தாழ 1. சாதாரணத் தகரத்துக்குச் சில நூறு. இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் மருத்துவரான வில்லியம் கில்பர்ட் 1600ஆம் ஆண்டில் வெளியிட்ட காந்தம் பற்றிய நூலிலேயே, மற்றப் பொருள்களின் ஊடே காந்த சக்தி பாய்கிறது என்றும், நடுவில் வைத்த இரும்புத் தகடு மட்டும் அதைக் குறைக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

கடலடிக் கம்பி தந்த உலோகம்

சாதாரண இரும்பு போதவில்லை என்றால் என்ன செய்வது? இதற்கு விடை ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை, தந்தித் துறையிலிருந்து வந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் கிடந்த நீண்ட கம்பிகளில் தந்திச் செய்திகள் மந்தமாகவே சென்றன. கம்பியைச் சுற்றி உட்புகுதிறன் மிக்க உலோக நாடாவைச் சுற்றினால் வேகமாக அனுப்பலாம் என்று கண்டறிந்தார்கள். அமெரிக்காவில் குஸ்தாவ் எல்மென் என்பவர் நிக்கலும் இரும்பும் கலந்த 'பெர்மல்லாய்' என்ற கலப்பு உலோகத்தை உருவாக்கினார். 1924இல் நியூயார்க்கிலிருந்து அசோர்ஸ் தீவுகளுக்குப் போடப்பட்ட கம்பியில் அது பயன்பட்டது. அதே காலத்தில், 1923இல், இலண்டனில் ஸ்மித், கார்னெட் என்ற இருவர் செம்பும் சிறிது சேர்த்து 'மியூ மெட்டல்' என்ற உலோகத்தைச் செய்தனர். 'மியூ' என்பது உட்புகுதிறனைக் குறிக்கும் கிரேக்க எழுத்து.

மியூ மெட்டலில் முக்கால் பங்குக்கும் சற்று அதிகமாக நிக்கல் உள்ளது. அதன் உட்புகுதிறன் எண்பதாயிரம், ஒரு லட்சம் என்ற அளவுக்குக்கூட உயரும். தந்திக் கம்பிகளின் காலம் போய்விட்டது. ஆனால் அவற்றுக்காகப் பிறந்த உலோகம் இன்று கவசமாக வாழ்கிறது.

இந்த உலோகத்துக்கு ஒரு குணம் உண்டு. இது அடி தாங்காது. அடித்தாலும், வளைத்தாலும், கீழே போட்டாலும் உள்ளே உள்ள படிக அமைப்பு குலைந்து உட்புகுதிறன் விழுந்துவிடும். ஆகவே வெட்டுதல், வளைத்தல், பற்ற வைத்தல் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு, கடைசியில் ஹைட்ரஜன் வாயு நிறைந்த சூளையில் ஏறத்தாழ 1150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து மெல்ல ஆறவிடுகிறார்கள். அதன் பிறகு அதைக் கண்ணாடிப் பாத்திரம் போல் கையாள வேண்டும்.

கவசம் அமைக்கும் முறைகள்

நல்ல உலோகம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அதை அமைக்கும் விதத்திலேயே பாதிப் பலன் இருக்கிறது.

1. கவசம் சிறியதாக இருத்தல் வேண்டும். நீண்ட குழாய் வடிவக் கவசம் குறுக்காக வரும் புலத்தை எத்தனை மடங்கு குறைக்கும் என்பதை அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. உட்புகுதிறனைத் தகட்டின் கனத்தால் பெருக்கி, குழாயின் விட்டத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். உட்புகுதிறன் 30,000, கனம் 1 மில்லிமீட்டர், விட்டம் 10 சென்டிமீட்டர் என்று கொண்டால், புலம் ஏறத்தாழ 300 மடங்கு குறையும். அதே தகட்டால் 3 மீட்டர் அகலமுள்ள ஒன்றைச் செய்தால் பத்து மடங்கு அளவுக்கே குறையும். பொருள் ஒன்றே, இடம் பெரிதானதும் பலன் சிறுத்துவிட்டது.

2. ஒரு கனமான தகட்டை விட, இடைவெளி விட்ட இரண்டு மெல்லிய தகடுகள் மேலானவை. மேற்சொன்ன குழாயின் கனத்தை இரண்டு மில்லிமீட்டர் ஆக்கினால் பலன் 300இலிருந்து 600 ஆகும். அவ்வளவுதான். மாறாக, 10 சென்டிமீட்டர் குழாயை 12 சென்டிமீட்டர் குழாய் ஒன்றுக்குள் தொடாமல் வைத்தால், முதற் குழாய் கசியவிட்டதை இரண்டாவது குழாய் மீண்டும் குறைக்கிறது. கணக்கிட்டால் ஏறத்தாழ 22,900 மடங்கு! இவ்வளவும் நடுவில் உள்ள ஒரு சென்டிமீட்டர் காற்றிடைவெளி தரும் பரிசு. ரக்கர் என்ற ஆங்கில விஞ்ஞானி 1894இலேயே ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த கோள ஓடுகளின் கவசத் திறனைக் கணித்து எழுதினார்.

3. துளைகளைக் குறைக்க வேண்டும். கம்பி நுழையவும் காற்றுப் போகவும் துளை வேண்டும்தான். ஆனால் துளை வழியே காந்தக் கோடுகளும் எட்டிப் பார்க்கும். துளை சிறியதாக இருந்தால், அதன் விட்டத்தைப் போலச் சில மடங்கு தூரம் உள்ளே போனதும் அதன் தீமை தேய்ந்துவிடும். ஆகவே உணர்கருவியைத் துளைக்கருகில் வைக்காமல் ஆழத்தில் வைக்கிறார்கள். இரு முனையும் திறந்த குழாயானால் நீளம் விட்டத்தைப் போல் பல மடங்கு இருக்க வேண்டும்.

4. வலிய காந்தத்துக்கு எதிரே மியூ மெட்டலை முதல் வரிசையில் நிறுத்தக் கூடாது. எந்த வாய்க்காலுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. மியூ மெட்டல் விரைவில் தெவிட்டு நிலையை அடைந்துவிடும். சாதாரண இரும்பு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். ஆகையால் வெளியில் இரும்பு உறை, உள்ளே மியூ மெட்டல் உறை என்று அமைப்பது வழக்கம். முரடான வேலை இரும்புக்கு, நுட்பமான வேலை நிக்கலுக்கு.

5. மாறுகின்ற புலத்துக்கு வேறொரு காவலாளி வேண்டும். மின்கம்பிகளிலிருந்து வரும் புலம் ஒரு வினாடிக்கு 50 முறை மாறுகிறது. அலுமினியத்தைக் காந்தம் இழுப்பதில்லை. ஆயினும் மாறும் புலம் அதன் மேல் பட்டால் அதில் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து, அந்த மாற்றத்தை எதிர்க்கின்றன. நாம் படித்த லென்ஸ் விதியே இங்குக் காவல் காக்கிறது. எனவே நல்ல கவச அறைகளில் மியூ மெட்டலோடு அலுமினியமும் ஒரு வரிசையாக நிற்கும்.

எங்கள் டப்பா ஏன் தோற்றது?

இப்போது அச்சிறுமியின் கேள்விக்கு வருவோம். எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "டப்பாவுக்கு எது உங்கள் காந்தம், எது பூமியின் காந்தம் என்று தெரியுமா?" என்று கேட்டார்கள்.

அந்த ஒரு கேள்வியில் பாதி விடை இருந்தது. நாங்கள் சட்டக் காந்தத்தின் புலத்தைப் பகையாகவும் பூமியின் புலத்தை நட்பாகவும் நினைத்துக்கொண்டோம். தகரமோ இரண்டையும் ஒரே மாதிரி குறைத்தது. ஊசி எந்தப் பக்கம் நிற்கும் என்பது அவ்விரு புலங்களின் விகிதத்தைப் பொறுத்தது. இரண்டும் ஒரே மடங்கு குறைந்தால் விகிதம் மாறாது. ஊசியின் திசையும் மாறாது. திசைகாட்டியின் திசையை மட்டும் பார்த்துக் கவசத்தை அளக்கவே முடியாது என்பது எங்களுக்கு அன்றுதான் விளங்கிற்று.

மீதிப் பாதி விடை டப்பாவிலேயே இருந்தது. அந்த டப்பாவில்தான் நாங்கள் ஒரு மாதமாக ஆய்வுக்கூடக் காந்தங்களைப் போட்டு வைத்திருந்தோம்! தகரம் தானே ஒரு மெலிந்த காந்தமாகிவிட்டது. காவற்காரனே கள்வனான கதை. பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இந்த இடர் உண்டு. அதனால் கவச அறையைப் பயன்படுத்தும் முன், சுவர்களைச் சுற்றிய கம்பிச் சுருள்களில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி, அதைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பூச்சியம் ஆக்குவார்கள். உலோகத்தில் தங்கிய காந்தத் தன்மை அப்போது கலைந்துவிடும்.

எங்கள் தெருவில் தொலைக்காட்சி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சிகளில் காந்தத்தால் நிறம் கெட்டுப் போனால் சரிசெய்யும் வளையச் சுருள் ஒன்று அவர் கடைப் பரணில் தூசி படிந்து கிடந்தது. அதைக் கொண்டு டப்பாவைச் சுற்றிக் காட்டி, சுருளை மெல்ல மெல்ல இரண்டு மீட்டர் தூரம் பின்னுக்குக் கொண்டுபோய், அதன் பிறகே மின்சாரத்தை நிறுத்தினார். "கிட்ட வைத்துக்கொண்டே சுவிட்சை அணைத்தால் முன்னைவிட மோசமாகிவிடும், பாப்பா" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை என்பது பின்னர் படித்தபோது தெரிந்தது.

இரண்டாம் முறை செய்த பரிசோதனை

திசையைப் பார்க்காமல் புலத்தின் வலிமையை அளப்பது எப்படி? அதற்கும் ஆசிரியையே வழி சொன்னார்கள். காந்த ஊசியை லேசாக அசைத்துவிட்டால் அது ஊசலாடும். புலம் வலிமையாக இருந்தால் விரைவாக ஆடும். மெலிந்தால் சோம்பலாக ஆடும். ஆட்ட நேரத்தின் வர்க்கம் புலத்தின் வலிமைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.

ஒரு தையல் ஊசியைக் காந்தத்தால் தேய்த்துக் காந்தமாக்கினோம். முறுக்கில்லாத ஒரு பட்டு இழையில் அதைக் கிடைமட்டமாகத் தொங்கவிட்டோம். சட்டக் காந்தத்தையும் எங்கள் கைப்பேசிகளையும் அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டோம். சாதாரண கைக்கடிகாரத்தைச் சற்றுத் தள்ளி நின்று ஒருத்தி பார்க்க, ஒருத்தி எண்ண, நான் எழுதினேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுத்தோம்.

மேசை மேல், டப்பா இல்லாமல், 10 ஆட்டங்களுக்கு 20 வினாடிகள் ஆயின. காந்தம் ஒட்டாத எவர்சில்வர் சம்படத்துக்குள் தொங்கவிட்டபோதும் 20 வினாடிகளே. காந்தநீக்கம் செய்த தகர டப்பாவுக்குள் 25 வினாடிகள். அந்த டப்பாவைப் பெரிய பிஸ்கட் டப்பா ஒன்றுக்குள் தொடாமல் வைத்தபோது 29 வினாடிகள்.

இருபதின் வர்க்கம் 400. இருபத்தைந்தின் வர்க்கம் 625. ஆகவே ஒரு டப்பாவுக்குள் பூமியின் புலம் 100க்கு 64 பங்காகக் குறைந்தது. இருபத்தொன்பதின் வர்க்கம் 841. ஆகவே இரண்டு டப்பாவுக்குள் அது பாதிக்கும் சற்றுக் குறைவாயிற்று. மேலே கூறிய 22,900 மடங்கு எங்கே, எங்களுடைய இரண்டு மடங்கு எங்கே! ஆனால் கணக்கு பொய்யாகவில்லை. டப்பாத் தகரத்தின் கனம் கால் மில்லிமீட்டர் அளவுதான். உட்புகுதிறனை 250 என்று வைத்து முன் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் விட்டத்துக்கு எங்கள் விடைக்கு அருகிலேயே வருகிறது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கண்காட்சி அட்டையில் எழுதியது பெரிய வாக்கியம், ஆனால் தவறு. குறிப்பேட்டில் எழுதியது சிறிய எண், ஆனால் உண்மை.

கவசம் உதவாத இடம்

எல்லாக் கருவிக்கும் கவசம் போடலாமா? கூடாது. அளக்க வேண்டிய பொருள் கவசத்துக்கு வெளியே இருந்தால் கவசம் அதையும் சேர்த்து மறைத்துவிடும். இதற்கு நம் நாட்டிலேயே ஓர் அரிய சான்று உள்ளது.

பம்பாயில் உள்ள கொலாபா ஆய்வகத்தில் 1841 முதல் பூமியின் காந்தப்புலத்தை முறையாக அளந்து வந்தார்கள். நகரில் மின்சார டிராம் வண்டிகள் வரப்போகின்றன என்ற செய்தி வந்தது. டிராமுக்கான மின்னோட்டம் நுண்ணிய கருவிகளைக் கெடுத்துவிடும். கருவிக்கு இரும்புக் கவசம் போடலாமென்றால், அளக்க வேண்டிய பூமியின் புலமே மறைந்துபோகும். டிராமை நிறுத்தச் சொல்லவும் முடியாது. எனவே அவ்வாய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரான மூஸ் அவர்களின் காலத்தில், 1904இல், கடலுக்கு அப்பால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலிபாகில் புதிய ஆய்வகம் அமைக்கப்பட்டது. காந்தத் தன்மையில்லாத போர்பந்தர் கல்லைச் சோதித்து எடுத்துக் கட்டினார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இரு இடங்களிலும் ஒரே சமயத்தில் அளந்து ஒப்பிட்ட பிறகே பழைய இடத்தில் அளப்பதை நிறுத்தினார்கள். அங்கே கவசமாக இருந்தது தூரம்தான்.

விண்கலத்திலும் இதே வழி. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்ட நமது ஆதித்யா-எல்1 கலம் விண்வெளியின் காந்தப்புலத்தை அளக்கிறது. கலத்திலுள்ள மின்கருவிகளின் புலம் குறுக்கிடாமல் இருக்க, 6 மீட்டர் நீளமுள்ள ஒரு கையை நீட்டி, அதன் நுனியில் ஓர் உணர்கருவியையும் நடுவில் 3 மீட்டரில் மற்றொன்றையும் வைத்திருக்கிறார்கள். கலத்தின் புலம் தூரத்தோடு விரைந்து குறையும். ஆகவே இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டால் கலத்தின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஜப்பானில் கமியோகா சுரங்கத்தில் உள்ள சூப்பர் கமியோகாண்டே ஆய்வுக்கூடம் மூன்றாவது வழியைக் கைக்கொண்டது. 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ஒளிப்பெருக்கிக் குழாய்கள் அங்கே உள்ளன. ஒளி நுழையும் முகத்தையே மூடிவிடாமல் அத்தனைக்கும் சட்டை தைக்க முடியுமா? மாபெரும் நீர்த்தொட்டியைச் சுற்றிக் கம்பிச் சுருள்களை அமைத்து, மின்னோட்டத்தால் எதிர்ப்புலம் உண்டாக்கிப் பூமியின் புலத்தைத் தணித்துவிட்டார்கள்.

இதயத்தின் ஓசை கேட்ட அறை

1963இல் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் பாலே, மக்ஃபீ என்ற இருவர், ஒவ்வொன்றிலும் இருபது லட்சம் சுற்றுகள் கொண்ட இரண்டு கம்பிச் சுருள்களை வைத்து, முதன்முதலாக மனித இதயத்தின் காந்தப்புலத்தைப் பதிவு செய்தனர். அவர்களிடம் கவசம் இல்லை. ஊர்ச் சந்தடிக்கு அப்பால் ஒரு திறந்த வெளிக்குப் போய் அளந்தார்கள். பதிவில் இரைச்சல் மிகுந்திருந்தது.

டேவிட் கோஹன் என்ற விஞ்ஞானி அவ்வழியை மாற்றினார். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 26 முகங்களைக் கொண்ட ஓர் அறையைக் கட்டினார். மூன்று அடுக்குகள் பெர்மல்லாய் வகை உலோகம். இரண்டு அடுக்குகள் அலுமினியம். 1969 டிசம்பர் இறுதியில், சிம்மர்மன் உருவாக்கிய 'ஸ்க்விட்' என்ற மீகடத்திக் கருவியை அந்த அறைக்குள் வைத்து இதயத்தின் காந்தத் துடிப்பைத் தெளிவாகப் பதிவு செய்தார்கள். 1972இல் அதே அறையில் மூளையின் காந்தப்புலமும் அக்கருவியில் பதிவாயிற்று.

இந்த வேலைக்குக் கவசம் பொருத்தமாக அமைந்ததன் காரணத்தை இப்போது தோழியர் தாமே கூறிவிடலாம். அளக்க வேண்டிய இதயமும் அளக்கும் கருவியும் ஒரே கதவுக்குள் இருக்கின்றன; பூமியும் மின்கம்பியும் வெளியே நிற்கின்றன. இன்று பல நாடுகளில், வலிப்பு நோய் மூளையின் எந்தப் பகுதியிலிருந்து எழுகிறது என்று அறிய, தலையைத் திறக்காமலும் ஊசி குத்தாமலும் இத்தகைய அறைகளில் அளக்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்க்விட் கருவிகளை உருவாக்கி, கவச அறைக்குள் இதயத்தின், மூளையின் காந்தப்புலங்களை அளந்திருக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை.

முடிவுரை

அன்புத் தோழியரே! காந்தக் கவசம் என்பது எதையும் அடித்து நிறுத்தும் சுவர் அன்று. வருகின்ற புலத்துக்கு வேறு வழி காட்டி, நடுவில் ஓர் அமைதியான இடத்தை உண்டாக்கித் தரும் வாய்க்கால் அது. அதை அமைக்கும் முன் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. நான் அளக்க விரும்புவது எங்கே இருக்கிறது, உள்ளேயா வெளியேயா? நான் நம்பும் கவசமே காந்தமாகிவிடவில்லையா?

அந்த ஆறாம் வகுப்புத் தங்கையைத் தேடிப் போய் எங்கள் குறிப்பேட்டைக் காட்டினேன். ஊசி டப்பாவுக்குள் சோம்பலாக ஆடுவதை அவளே எண்ணிப் பார்த்தாள். அவளுக்கு 26 வினாடி வந்தது. "உங்களுக்கு 25, எனக்கு 26. யார் சரி?" என்று கேட்டாள். மீண்டும் எண்ணிப் பார்ப்போம் என்று சொல்லி, இருவரும் ஊசியை அசைத்துவிட்டோம். பழைய அட்டையை நான் கிழிக்கவில்லை. அதன் பின்பக்கத்தில், அளந்த எண்களை எழுதி அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்கு வைத்திருக்கிறேன்.